மச்சம் புழங்காத வீட்டில் நாய்க்குட்டி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊரில் சைவச் சாப்பாட்டு வீடுகளில் திட்டம் போட்டு நாய் வாங்குகிறவர்கள் குறைவு. யாரோ கோயில் வாசலிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டுப் போன பெட்டைக்குட்டியைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்துவிடும். அம்மா இரண்டு நாள் கத்துவார், மூன்றாம் நாள் அவரே பெயர் வைத்துவிடுவார். பிறகுதான் "இதுக்கு என்ன குடுக்கிறது?" என்ற கேள்வி வரும். கீழே உள்ளவை அப்படிக் கேட்கப்படுகிறவை. வேறாகச் சொல்லாத இடங்களில் பதில் 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரையான குட்டிக்கு உரியது.

நாய்க்குட்டி மச்சம் இல்லாமல் வளருமா, வளராதா? சுத்திவளைக்காமல் சொல்லுங்கோ.

முட்டையும் பால் பொருட்களும் இருந்து, கணக்குப் பார்த்துக் கொடுத்தால் வளரும். வீட்டில் மிஞ்சுகிற சோறு கறியில் வளராது. மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், இல்லாதது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. அதன் இடத்தில் எதுவுமே வைக்காமல் விடுவதுதான் சிக்கல்.

நாய் மாமிசம் மட்டும் தின்று வாழும் பிராணி அல்ல. 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. மனிதரின் சோற்றோடும் ரொட்டியோடும் வாழ்ந்து பழகிய உடம்பு அது. 2024இல் பிரித்தானிய மிருக வைத்தியர் சங்கமும் நாய்க்குத் தாவர உணவு கூடவே கூடாது என்ற பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. சரியாகச் செய்தால் முடியும், ஆனால் பிழைவிடுவது எளிது என்பதுதான் அவர்களுடைய பேச்சின் சாரம்.

அதைக் கேட்டுவிட்டு உடனே சந்தோஷப்பட வேண்டாம். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வளர்ந்த நாய்களைப் பற்றியவை. 2022இல் 2,500க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து வந்த பெரிய ஆய்வுகூட, வளர்ப்பவர்கள் தாங்களே சொன்ன தகவலில் நின்றது. "என்ர நாய் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாத வளர்ப்பாளர் யார்? எலும்பும் பல்லும் வைக்கிற வயதில் உள்ள குட்டியை வைத்துப் பரீட்சை பார்க்க என் மனம் ஒப்பாது. ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று தயாரித்த பக்கற் சாப்பாடு அடிப்படை, வீட்டுச் சாப்பாடு பக்கத்துணை என்று வைத்துக்கொள்வதுதான் நான் சொல்லக்கூடிய வழி.

எங்கட அம்மம்மா பாலும் சோறும் குடுத்துத்தான் நாய் வளர்த்தவ. அது பதின்மூன்று வயது வரைக்கும் இருந்ததே?

இருந்திருக்கும். அந்த நாய் கட்டிப்போட்ட நாயா என்று அம்மம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காலத்து நாய் காலையில் வளவை விட்டு வெளிக்கிட்டால் மத்தியானம்தான் வரும். அதற்குள் மீன்வாடிப் பக்கம் ஒரு சுற்று, நாலு வீட்டுக் குப்பை, அகப்பட்டால் ஓர் எலி, ஓர் ஓணான். வீட்டுக்காரர் கணக்கில்தான் அது பால்சோற்று நாய். அதோடு பிறந்த மற்றக் குட்டிகள் என்ன ஆயின என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்குக் கதவு பூட்டிய வளவுக்குள் இருக்கிற குட்டிக்கு நீங்கள் வைப்பது மட்டும்தான் சாப்பாடு. வளரும் குட்டியின் உணவில் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 100 கிராமுக்கு 22.5 கிராமாவது புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். சோற்றில் அதே கணக்கில் 8 கிராம் அளவில்தான் தேறும். பசுப்பாலில் 3 வீதத்துக்குச் சற்று மேல் புரதம். தாய் நாயின் பாலில் 7, 8 வீதம், கொழுப்பும் அதிகம். போதாததற்கு, வளரும் குட்டிக்கு உடம்பு நிறையில் கிலோவுக்கு வளர்ந்த நாயைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு சக்தி தேவை, வயிறோ ஒரு சிரட்டை அளவு. அந்தச் சிரட்டையை வெறும் சோற்றால் நிரப்பிவிட்டால் வேறு எதற்கும் இடமில்லை. குட்டி வயிறு நிறைந்து படுத்துவிடும், வீட்டார் திருப்திப்படுவார்கள். மூன்று நான்கு மாதத்தில் முன்னங்கால் வளைந்து, பாதம் பரந்து, படியேறத் தயங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

சரி, பருப்பும் முட்டையும் சேர்த்தால்?

அது சோற்றைவிட எவ்வளவோ மேல். எவ்வளவு மேல் என்பதைக் கணக்காகவே பார்ப்போம்.

அவித்த சோறு 100 கிராம், மசிய அவித்த மைசூர்ப் பருப்பு 100 கிராம், அவித்த முட்டை ஒன்று. சோற்றில் இரண்டரை கிராம் புரதம், பருப்பில் 9, முட்டையில் 6. மொத்தம் பதினேழு பதினெட்டு கிராம். ஈரம் கழித்தால் இந்தக் கலவை 73 கிராம் அளவில் நிற்கும். ஆகவே புரதம் 24 வீதம், அளவுகோலைத் தாண்டியாயிற்று. முட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள், 19 வீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு முட்டை செய்கிற வேலை அது. பருப்பில் குறைவாக இருக்கிற மெதியோனின் என்ற அமினோ அமிலத்தையும் முட்டைதான் ஈடுசெய்கிறது.

இனிக் கல்சியத்துக்கு வருவோம். இதே கலவைக்கு 880 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். சோறு, பருப்பு, முட்டை மூன்றும் சேர்ந்து தருவது 60ஐக்கூட எட்டாது. முட்டைக்கோதைக் கழுவி, வறுத்து, மாவாக இடித்தால் அரைத் தேக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் கிடைக்கும். பலர் இந்த இடத்தில் "முடிஞ்சுது" என்று நினைத்துவிடுகிறார்கள். கல்சியத்தோடு பொசுபரசும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று தொடக்கம் இரண்டுக்கு ஒன்று வரையான விகிதத்தில் இருக்க வேண்டும். முட்டைக்கோதில் பொசுபரசு இல்லை என்றே சொல்லலாம். கல்சியத்தை மட்டும் ஏற்றினால் விகிதம் மறுபக்கம் சாய்ந்துவிடும். நாகம் (சிங்க்), அயடின், செம்பு, விற்றமின் D என்று இன்னும் கொஞ்சம் வரிசையில் நிற்கின்றன.

ஆகவே, இதை ஒரு நாளில் ஒரு வேளைச் சாப்பாடாக வைத்து, மிச்ச வேளைகளுக்குப் பக்கற் சாப்பாடு கொடுங்கள். முழுநாளும் இதுதான் என்றால் கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த கனிமக் கலவையை எவ்வளவு போடுவது என்று மிருக வைத்தியரிடம் குட்டியின் நிறையைச் சொல்லிக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கடையில் பார்த்ததை வாங்கிக் கையால் அள்ளிப் போடுகிற காரியமல்ல. பெரிய சாதிக் குட்டிகளுக்கு, லப்ரடோர், ஜேர்மன் ஷெப்பேட் போன்றவற்றுக்கு, கல்சியம் கூடினாலும் எலும்பு கோணும்.

எங்கட வீட்டுக்குள்ள முட்டையே வராது. பருப்பு, சோயா, பால் மட்டும் வைச்சுச் சமாளிக்கலாமா?

குட்டிக்கு, வீட்டில் சமைத்து, முட்டையும் இல்லாமல் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். போஷாக்கு படித்த மிருக வைத்தியர் ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்து, மாதாமாதம் நிறை பார்த்து நடத்தினால் அது வேறு. நம்மில் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? முட்டையை அடுப்படிக்குள் விடாதவர்கள் பின் வளவில் சின்ன ஹீற்றர் கேத்தில் ஒன்றில் அவிப்பதைக் கண்டிருக்கிறேன். அதற்கும் மனம் இல்லையென்றால் முழுக்கப் பக்கற் சாப்பாட்டில் வளருங்கள். குட்டிக்கும் நல்லது, அடுப்படிக்கும் தொல்லையில்லை.

அந்தப் பக்கற்றில கோழியும் மீனும்தானே இருக்கு? விரதம் இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரலாமா?

இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. "சிக்கன் மீல்", "பிஷ் மீல்" என்று உள்ளடக்கத்திலேயே போட்டிருக்கும். வேண்டாம் என்று நினைப்பவர்களை வற்புறுத்த நான் ஆளில்லை. ஆனால் கேட்டால் சொல்லுவேன்: சைவம் என்பது நீங்கள் எடுத்துக்கொண்ட விரதம். குட்டி எந்த விரதமும் எடுக்கவில்லை. வைரவரின் வாகனத்துக்குச் சைவ உணவு விதித்ததாக நான் எந்தப் பூசகரிடமும் கேள்விப்படவில்லை.

நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் சமாளிக்கின்றன: காய்ந்த உருண்டையாக உள்ளதை மட்டும் வாங்குவது, ரின்னில் வரும் ஈரச் சாப்பாட்டைத் தவிர்ப்பது. காய்ந்ததில் மணம் குறைவு, கையால் தொட வேண்டிய தேவையும் இல்லை. மூடியுள்ள வாளியொன்றில் போட்டு, உள்ளே அளவுக் கோப்பையொன்றை விட்டு, பின் விறாந்தையில் வைத்துவிடுங்கள். கோப்பையும் தட்டும் வெளிக் குழாயடியில் கழுவுப்படட்டும். சாமியறைக்கும் அடுப்படிக்கும் அந்த வாளி வரவே தேவையில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் குட்டி வந்த முதல் நாளே இதைப் பேசித் தீர்த்துவிடுவது நல்லது. பிறகு ஒளித்து ஒளித்துக் கொடுத்தால் குட்டிக்கு நேரம் தவறும், வீட்டில் சண்டையும் வரும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

உறையில் "பப்பி" அல்லது "குரோத்" என்று இருக்க வேண்டும். "ஓல் லைஃப் ஸ்டேஜஸ்" என்றிருந்தாலும் சரி. "அடல்ட்" என்றால் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் "வீகன்" நாய்ச் சாப்பாடு அனுப்பிவைத்தாலும் இதே வரியைத் தேடுங்கள், அவற்றில் பல வளர்ந்த நாய்களுக்கானவை. புரதம் எத்தனை வீதம் என்பதைவிட இந்த ஒரு வரி முக்கியம்.

நிறுத்து விற்கிற திறந்த சாக்குச் சாப்பாடு மலிவுதான். எங்கள் ஊர் வெக்கையிலும் கடற்காற்று ஈரத்திலும் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்கு அடிக்கும். பூஞ்சணம் பிடித்தால் அதிலிருந்து வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கடலை, தேங்காய்ப் புண்ணாக்கு விஷயத்திலும் இதே பயம் உண்டு. மாட்டுக்கு வாங்கியதில் ஒரு பிடி நாய்க்கு என்று போடாதீர்கள். சின்னப் பக்கற்றாக, மூடி முத்திரையிட்டதாக, திகதி பார்த்து வாங்கி ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

எத்தனை தரம், எவ்வளவு?

3 மாதம் வரை நாளுக்கு 4 தரம், 6 மாதம் வரை 3, அதன்பின் 2. அளவுக்குப் பக்கற்றில் அட்டவணை இருக்கும். அதைத் தொடக்கமாக எடுத்துக் குட்டியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. கிழமைக்கு ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணைக் கலண்டரில் எழுதுங்கள். ஒரு கிழமை கூடாமல் நின்றால் கவனிக்க வேண்டும்.

புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு கிழமை எடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவில் சாப்பாட்டுத் தட்டை வைப்பதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பசுப்பால் குடுத்தால் வயித்தால போகுது. தயிர் குடுக்கலாமா?

பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனியைச் செரிக்கிற திறன் பால்குடி மறக்க மறக்கக் குறையும். பசுப்பாலில் அது தாய் நாயின் பாலைவிட அதிகம் வேறு. பால்மாவைக் கட்டியாகக் கரைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லக்ரோஸ்தான்.

தயிர் நல்லது. புளிக்கும்போது லக்ரோஸில் ஒரு பகுதி கரைந்துபோகும். கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருந்து முட்டியில் வருகிற எருமைத்தயிர் நமக்குக் கிடைத்திருக்கிற பாக்கியம், ஆனால் கொழுப்பு கனக்க. சின்னக் குட்டிக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். சீனி, பாணி எதுவும் வேண்டாம். சோறு தயிரில் பிசைந்து முழுச் சாப்பாடாகக் கொடுப்பது, பால்சோற்றின் தம்பிதான்.

சைவச் சமையலில் நாய்க்கு ஆகாதது என்ன இருக்கப்போகுது?

நிறைய இருக்கிறது. இந்த எண்ணத்தால்தான் கனக்கக் குட்டிகள் வருத்தப்படுகின்றன.

வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. ஆகவே சொதி, சாம்பார், தாளித்த பருப்பு, சம்பல், வடை எதுவும் ஆகாது. குட்டியின் பருப்பை உப்பு, வெங்காயம் போடுமுன்னரே ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லுகிற முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை. சில நாய்களுக்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யப் போதும், எந்த நாய்க்கு என்று முன்கூட்டித் தெரியாது. சர்க்கரைப் பொங்கல், கேசரி, பஞ்சாமிர்தம், பாயாசம் எல்லாவற்றிலும் அது இருக்கும். பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்தும் கோணேசர் கோயிலிலிருந்தும் வருகிற பிரசாதத்தைப் "பாவம், அதுக்கும் ஒரு வாய்" என்று வைத்துவிடாதீர்கள். தைப்பொங்கலன்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவைக்க வேண்டும். வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் பிளம்ஸ் இல்லை, ஆனால் எண்ணெயும் உப்பும் மிளகும் போதாதா?

சொக்லேற், சீனியில்லாத சுவிங்கத்தில் வரும் சைலிற்றோல் இரண்டும் நஞ்சு. தேங்காய்ப்பால் வயிற்றைக் குழப்பும். பூசணி, கரட், போஞ்சி, அவித்த வற்றாளை, வாழைப்பழத் துண்டு எல்லாம் பயமில்லை. அவை சுவைக்குத்தான், நாளின் சாப்பாட்டில் பத்திலொரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

சோயா மீட்? திரிபோஷ?

சோயா மீட்டில் புரதம் காய்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி. வெறும் சோயாவை ஊறவைத்து, அவித்துப் பிழிந்து, பொடியாக அரிந்து பருப்போடு சேர்க்கலாம். சுவையூட்டியது வேண்டாம். பக்கற்றுக்குள் வரும் சின்னத் தூள் பையில் உப்பும் வெங்காயமும் உள்ளியும் இருக்கும், அதைத் தொடவே கூடாது.

திரிபோஷ கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு கொடுப்பது. வீட்டில் மிஞ்சினால் அதற்குத் தேவையான இன்னொரு பிள்ளை அதே ஒழுங்கையில் இருக்கும்.

விற்றமின் D வெயிலில கிடைக்குமே? எங்கட ஊரில வெயிலுக்கு என்ன பஞ்சம்?

மனிதருக்குச் சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து தேவையான அளவு விற்றமின் D செய்யாது. உப்புவெளிக் கடற்கரையில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் அதற்கு அது சாப்பாட்டில்தான் வர வேண்டும். முட்டை மஞ்சட்கருவில் கொஞ்சம் உண்டு; பக்கற் சாப்பாட்டில் அளவாகச் சேர்த்திருப்பார்கள். மாத்திரையாக வேண்டியவர்கள் D3 பெரும்பாலும் ஆட்டு மயிரிலுள்ள கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது என்று தெரிந்துகொள்ளலாம், ஆட்டைக் கொல்லத் தேவையில்லை. ஆனால் நமக்கு எழுதித் தந்த குளிசையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இந்த விற்றமின் கூடினால் உடம்பில் தேங்கி நஞ்சாகும்.

பக்கத்து வீட்டு அன்ரி மீன் தலை போடுறா. தடுக்கவா, விடவா?

இது வீட்டுக்கு வீடு வேறுபடும், என் கருத்தைச் சொல்கிறேன்: விடுங்கள், ஆனால் எப்படிப் போடுவது என்று பேசிக்கொள்ளுங்கள். கீரி, சூடை போன்ற சின்ன மீனை அவித்து, முள்ளெடுத்து, உப்பு மிளகாய் இல்லாமல் கொடுத்தால் அது உங்கள் அடுப்படியால் முடியாத ஒன்றைக் குட்டிக்குச் செய்கிறது. அன்ரிக்கும் சந்தோஷம். பச்சைத் தலையும் செதிலுமாக மதிலுக்கு மேலால் எறிவது வேண்டாம். முள் தொண்டையில் சிக்கும். கருவாடு அறவே வேண்டாம், அது உப்புக்கட்டி.

கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கரைவலை இழுத்தபின் கழித்து எறிகிற மீனுக்குள் பேத்தை மீனும் கிடக்கும். ஊதிய வயிறும் முள்ளுமாக இருக்கும், குட்டிக்கு விளையாட்டுப் பந்து மாதிரித் தெரியும். அதன் நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. அந்த நேரத்தில் குட்டி கயிற்றில் இருக்கட்டும்.

கண் இப்பத்தான் திறந்த குட்டி. தாய் இல்லை. என்ன செய்யிறது?

இது வேறு பாடம். 3 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது. துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் போதும். மிருக வைத்தியரிடமோ மருந்துக் கடையிலோ நாய்க்குட்டிக்கான பால்மா கேளுங்கள். கிடைக்கும்வரை, ஓரிரு நாளுக்கு, ஒரு கோப்பை பசுப்பாலில் ஒரு முட்டை மஞ்சட்கரு அடித்து, உடம்புச் சூட்டில் கொடுக்கலாம். 3, 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடிக்காதீர்கள், பால் சுவாசப்பைக்குள் போகும். குப்புற, தலை சற்று உயர்ந்திருக்கக் கொடுங்கள். குடித்து முடிந்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் தடவினால்தான் சிறுநீரும் மலமும் போகும், தாய் நக்குவது அதற்குத்தான்.

3, 4 வாரத்தில் கூழாகக் கரைத்த குட்டிச் சாப்பாட்டைத் தட்டையான தட்டில் வைக்கத் தொடங்கலாம். 7, 8 வாரத்தில் பால் மறந்துவிடும்.

வடிவாச் சாப்பிடுது, ஆனால் வயிறு மட்டும் ஊதி, முதுகு எலும்பு தெரியுது.

அனேகமாகப் புழு. நாக்குடற்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குள் வந்துவிடும், ஆகவே "எங்கட குட்டி வெளியில போகாது" என்பது பதிலல்ல. பூச்சி மருந்து 2 வாரத்தில் தொடங்கி இரு வாரத்துக்கு ஒருமுறை, 3 மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை, 6 மாதம் வரை. நிறைக்கு ஏற்ற அளவை அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்கலாம். பருப்பு கூடினாலும் வயிறு ஊதும், ஆனால் அதில் குட்டி மெலியாது.

வாந்தியும், இரத்தம் கலந்து நாற்றமடிக்கிற வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அது பார்வோ வைரசாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டும். அதற்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தவணை தவணையாகப் போடுவது. விசர்நாய் ஊசியையும் அப்போதே கேட்டுத் திகதி குறித்துக்கொள்ளுங்கள்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் அடுப்பு ஒரு நேரம்தான். குட்டியும் ஒரு நேரம் இருக்கலாமா?

கூடாது. சின்னக் குட்டிக்கு வேளை தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கியே விழும். வாளியில் பக்கற் சாப்பாடு இருப்பதன் இன்னொரு வசதி இது. விரதகாரர் எழும்பத் தேவையில்லை, பிள்ளைகள் போடலாம்.

பூனைக்குட்டிக்கும் இதேதானா?

இல்லை. பூனைக்கு மாமிசம் கட்டாயம். ரோரின் என்ற பொருளை நாய் தன் உடம்பில் செய்துகொள்ளும், பூனையால் போதிய அளவு முடியாது. குறைந்தால் கண் பார்வையும் இதயமும் போகும். பூனைச் சாப்பாடு வாங்க மனமில்லாத வீடு பூனை வளர்க்காமல் விடுவது நல்லது.

ஒரு வயதுக்குப் பிறகு முழுச் சைவத்துக்கு மாத்தலாமா?

அப்போது வழி அகலமாகும். வளர்ந்த நாய்க்குப் புரத அளவுகோல் 18 வீதம், கல்சியத் தேவையும் குறையும். பருப்பு, முட்டை, தயிர், சோறு, மரக்கறி, கனிமக் கலவை என்று ஒழுங்காக நடத்துகிற வீடுகள் உண்டு. பருப்பு, கடலை வகை அதிகமுள்ள சாப்பாட்டுக்கும் இதயம் விரிகிற நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது, முடிவான பதில் வரவில்லை. ஆகவே முட்டையை விட்டுவிடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை இதயத்தையும் இரத்தத்தையும் பார்ப்பியுங்கள். இளைப்போ இருமலோ கண்டால் அதற்கு முதலே.

ஒழுங்கையில் கிடந்த கோழி எலும்பை வாயில் கவ்விக்கொண்டு நேரே விறாந்தைக்கு வந்துவிடுது. அப்பா பொல்லெடுக்கிறார்.

பொல்லைக் கண்டால் முழுதாக விழுங்கிவிடும். துரத்தினாலும் அப்படித்தான். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைவதால் விழுங்க விடக் கூடாது. அவித்த முட்டைத் துண்டோ தயிர் தோய்த்த விரலோ மூக்குக்குக் கிட்டக் காட்டுங்கள். வாய் திறந்ததும் குட்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, எலும்பைப் பழைய பேப்பரால் எடுத்து எறியுங்கள். விழுங்கிவிட்டதென்றால் வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம், ஏறும்போதும் கிழிக்கும். இரண்டு மூன்று நாள் மலத்தைக் கவனியுங்கள். சாப்பிட மறுத்தால், வயிற்றைத் தொட விடாவிட்டால், ஓங்காளித்துக்கொண்டே இருந்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அப்பாவுக்கு, விறாந்தையை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிக் கொடுத்தால் சரி.